கலை விழாவுக்குக் கூட்டம் வருகிறது, கடையில் காசு விழவில்லை. ஏன்?

தக்கலைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் எங்கள் கலைக்குழு மூன்று நாள் நாட்டுப்புறக் கலை விழா நடத்துகிறது. வில்லுப்பாட்டு, களியல், தோல்பாவைக்கூத்து, சிலம்பம், கடைசி நாள் கணியான் கூத்து. நுழைவுக் கட்டணம் கிடையாது. கலைஞர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதியாவது கடை வாடகையில் வர வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

போன தடவை மைதானம் கொள்ளாத கூட்டம். ஆனால் கடை போட்டவர்கள் யாரும் சந்தோஷமாகப் போகவில்லை. மண்பாண்டம் கொண்டு வந்தவர் பாதிச் சரக்கைத் திரும்ப வேனில் ஏற்றினார். டீக்கடையும் சிப்ஸ் கடையும் மட்டும் தப்பித்தன. இந்தத் தடவை வாடகையைக் குறைத்தால்தான் வருவோம் என்கிறார்கள்.

கமிட்டியில் ஆளுக்கொரு கருத்து. சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒருவர். கடைகளை இரண்டு மடங்காக்கு என்கிறார் இன்னொருவர். நம் ஆட்களே கஞ்சம், ஒன்றும் செய்ய முடியாது என்பது மூன்றாமவர் தீர்ப்பு. வருகிற ஆள் பையில் கை விடுவது எதைப் பொறுத்தது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேரூர் வாசி

கஞ்சம் என்றால் வடசேரியில் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் அந்தக் கூட்டம் ஏன் வருகிறது மக்கா? காசு இருக்கிறது. உங்கள் மைதானத்தில் வைத்து வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வளையல்கடை

நான் திருவிழாக் கடைக்காரன். மண்டைக்காட்டு மாசிக் கொடை, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் திருவிழா, நாகராஜா கோவில் தைத் திருவிழா, இதுதான் என் வருஷம். தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் மைதானத்துக்கு வாசல் எத்தனை? கடைகள் எந்தப் பக்கம்? நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிந்தது?

தக்கலைக்காரன்

வாசல் இரண்டு அண்ணாச்சி. முன்வாசல் மெயின் ரோட்டுப் பக்கம், கடைகள் அங்கேதான். பின்வாசல் பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி. நிகழ்ச்சி முடிய ராத்திரி பத்து, பத்தேகால் ஆகும்.

வளையல்கடை

அப்போது கதை முடிந்தது. சொல்கிறேன், கேளுங்கள்.

வரும்போது யாரும் சாமான் வாங்க மாட்டார்கள். கண்ணை மட்டும் ஓட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே இடம் பிடிக்க வேண்டும், பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், வாங்கினால் கையில் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டும். 'போகும்போது பார்த்துக்கலாம்' என்பார்கள். அந்தப் போகும்போதுதான் எங்களுக்கு வியாபாரம். உங்கள் ஆட்கள் போகும்போது பின்வாசல் வழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்கள். முன்வாசலில் கடையை வைத்துக்கொண்டு நாங்கள் யாருக்கு விற்பது?

இன்னொன்று, நேரம். சுசீந்திரத்தில் ஒன்பதாம் திருவிழாவுக்குத் தேர் நிலைக்கு வந்த பிறகு, ராத்திரி சப்தாவர்ணம் பார்க்க ஒரு கூட்டம் அப்படியே நிற்கும். மண்டைக்காட்டில் கடைசி நாள் நள்ளிரவில் ஒடுக்கு பூஜை. அதுவரை பெண்கள் எங்கே போவார்கள்? கடைத்தெருவில்தான் நடப்பார்கள். எங்களுக்குச் சோறு போடுவது அந்தக் காத்திருக்கிற நேரம். சாமி புறப்பாடு நடக்கும்போது என் கடையில் ஈ கூட உட்காராது. உங்கள் நிகழ்ச்சியில் காத்திருக்கிற நேரமே இல்லை. ஆறரைக்குத் தொடங்கி பத்தேகாலுக்கு முடித்து, அப்புறம் கடைசி பஸ்ஸுக்கு ஓடச் சொல்கிறீர்கள். ஓடுகிற ஆள் வளையல் அளவு பார்ப்பாரா?

கூட வருகிற ஆளையும் பாருங்கள். புருஷன் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றால், அந்த அம்மா முதலில் கைக்கு வந்த செட்டை எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். அதே அம்மா அக்கா தங்கச்சிகளோடு வந்தால் அரை மணி நேரம் நிற்பார். ஒருத்தி வாங்கினால் மற்ற இரண்டு பேரும் வாங்குவார்கள்.

விளக்கையும் கவனியுங்கள். போன தடவை உங்கள் விழாவில் கடை போட்ட என் மச்சான் சொன்னது: ஒரு கடைக்கு ஒரு பல்பு, அதுவும் மங்கல். சிவப்புக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சத்தில் சேலைக்கு மேட்சிங் எப்படிப் பார்ப்பது?

பொருளியல் டீச்சர்

அண்ணாச்சி சொன்னதை நான் வகுப்பில் வாசிக்கப் போகிறேன்.

இதைப் பற்றி வெளிநாடுகளில் நிறையக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். அமெரிக்கன்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு நாடு முழுக்க எடுத்த 2022ஆம் ஆண்டுக் கணக்கில், கலை நிகழ்ச்சிக்கு வரும் ஒருவர் டிக்கெட் போகச் செலவழிப்பது சராசரியாக 38.46 டாலர். அதே வட்டாரத்து ஆள் என்றால் 29.77 டாலர், வெளியிலிருந்து வந்தவர் என்றால் 60.57 டாலர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நமக்குத் தேவை அந்த விகிதம்தான். வெளியூர்க்காரர் அதிகம் செலவழிப்பது தாராள மனதால் அல்ல. அவருக்குச் சாப்பாடு வேண்டும், ஆட்டோ வேண்டும், இருட்டிவிட்டால் அறை வேண்டும்.

ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்கள் இவை. இரவு தங்கினால் செலவு ஏறுகிறது. வருமானம் கூடினால் செலவு கூடுகிறது. குழு பெரிதாக ஆக, ஆள் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைகிறது, ஏனென்றால் வண்டியும் அறையும் பங்காகிவிடுகின்றன. வயதைப் பற்றியும், முதல் தடவை வருகிறவரா பழகியவரா என்பது பற்றியும் முடிவுகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. 'நிகழ்ச்சி பிரமாதம்' என்று சொன்னவர்தான் அதிகம் வாங்கியிருப்பார் என்றும் இல்லை. ரசனை வேறு, பர்ஸ் வேறு.

உங்கள் விழாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டுவிட்டு வந்து, வீட்டுக்குத் தூங்கப் போகிறவர்கள். அவர்களிடம் டீயும் சிப்ஸும் விற்றதே வழக்கமான கணக்குத்தான்.

முனைக்காரன்

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறேன். டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களிடம் வருகிறவர் அஸ்தமனம் பார்ப்பார், தூங்குவார், உதயம் பார்ப்பார், படகில் பாறைக்குப் போய் வருவார், மத்தியானம் அறையைக் காலி செய்வார். 2024 டிசம்பர் 30ஆம் தேதி கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் மண்டபத்துக்கும் இடையே நடந்தே போகலாம். 77 மீட்டர் நீளம். அதைப் பார்க்கவே ஆள் வருகிறது. ஆனால் பாலம் பகல் வேலை. அஸ்தமனத்துக்கு அப்புறம் ஊரில் என்ன இருக்கிறது? சங்குக்கடை, பாசிக்கடை, சாப்பாடு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நல்ல வில்லுப்பாட்டு இருந்தால், அன்றே திரும்ப நினைத்தவர்களில் சிலராவது ஒரு ராத்திரி தங்குவார்கள். தங்கினால் இரண்டு வேளைச் சாப்பாடு கூடுதல்.

விழாவை இங்கே கொண்டு வந்துவிடுங்கள், நான் சொல்வேன்.

தேரூர் வாசி

அண்ணாச்சி, உங்கள் அறை நிறையும். மண்பாண்டக்காரருக்கு என்ன கிடைக்கும்?

முனைக்காரன்

அதுவும் சரிதான்.

வில்லடிப் பேரன்

இழையை முழுக்க வாசித்தேன். என் தாத்தா வில்லடித்தவர். உடுக்கையும் குடமும் வீட்டில் இன்னும் இருக்கின்றன. நீங்கள் எல்லாரும் பேசுவதைப் பார்த்தால், வில்லுப்பாட்டு என்பது சிப்ஸ் விற்பதற்கு ஆள் கூட்டுகிற மைக் செட் போல இருக்கிறது.

புலவர் நன்றாகப் பாடினால் கடையில் வியாபாரம் நடக்காது. நடக்கவும் கூடாது. கோவில் கொடையில் சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு வரும்போது ஒரு ஆள் அசைய மாட்டார். போன தடவை தக்கலையில் பாட்டு நடுவில் ஐஸ்க்ரீம் வண்டி மணியடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தது. புலவர் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வாடகை வாங்கிக்கொண்டு வண்டியை உள்ளே விட்டது யார்?

தக்கலைக்காரன்

அந்த வண்டி விஷயம் நடந்தது உண்மை. இந்தத் தடவை உள்ளே ஒரு வண்டியும் வராது.

வளையல்கடை

பேரன் கோபம் நியாயம். நானும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னேன். பாட்டும் வியாபாரமும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டும் கெடும். பாட்டுக்குப் பாட்டு நேரம், கடைக்குக் கடை நேரம். நடுவில் ஒரு அரை மணி நேரம் மேடையை நிறுத்துங்கள். மைக்கில் கூப்பிட வேண்டாம், விளம்பரம் வேண்டாம். ஜனம் தானாக எழுந்து நடக்கும்.

பொருளியல் டீச்சர்

சென்னையில் மார்கழி சீசனில் சபா கேண்டீன்கள் வாழ்வதும் இப்படித்தான். ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு டிபன், ஒரு காப்பி. கேண்டீனுக்காகவே சபாவுக்குப் போகிறவர்கள் உண்டு என்பது அங்கே பழைய கிண்டல்.

பாறசாலைப் பக்கம்

நான் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். போன வருடம் குடும்பத்தோடு பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்தோம். உங்கள் விழா போஸ்டரை அங்கே ரோட்டில்தான் பார்த்தேன். அரண்மனையை மாலை ஐந்துக்குள் மூடிவிடுகிறார்கள். உங்கள் விழா ஆறரைக்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களோடு அரண்மனை பார்த்த மற்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. என் மனைவிக்குத் தோல்பாவைக்கூத்து பார்க்க ஆசை, அதனால் மட்டும் நாங்கள் காத்திருந்தோம்.

கூத்து அருமை. பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய்ப் பாவையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பாவை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். சரி, வேறு ஏதாவது வாங்கலாம் என்று கடைகளைப் பார்த்தால் பிளாஸ்டிக் துப்பாக்கி, டெல்லி அப்பளம், மொபைல் கவர். இதெல்லாம் பாறசாலையிலேயே கிடைக்கும். ஆயிரம் ரூபாய் செலவழிக்கத் தயாராக வந்தவன், நாலு சுக்குக் காப்பியோடு திரும்பினேன்.

பூவில் கட்டுகிற தோவாளை மாணிக்கமாலை, மட்டி வாழைப்பழம், வடசேரியில் செய்கிற கோவில் நகை, மூன்றுக்கும் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒன்றாவது உங்கள் விழாவில் இருந்ததா?

தக்கலைக்காரன்

இல்லை. கடைக்கு யார் முதலில் பணம் கட்டினார்களோ அவர்களுக்குக் கொடுத்தோம்.

குலசேகரம் அக்கா

எங்கள் சுய உதவிக்குழு போன தடவை அங்கே முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போட்டது. யாரும் சொல்லாத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, போன். கூட்டம் சேர்ந்ததும் டவர் படுத்துவிட்டது. கியூஆர் ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாங்க வந்தவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், அப்புறம் 'பரவாயில்லை அக்கா, அப்புறம் வாரேன்' என்று போய்விடுகிறார். வரவில்லை. இப்போது யாரும் நோட்டு கொண்டு வருவதில்லை. பள்ளியில் இணைப்பு இருக்கும்தானே? கடைகளுக்கு மட்டும் ஒரு வைஃபை கொடுத்தால் போதும்.

இரண்டு, கழிவறை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பள்ளிக் கழிவறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் எட்டரைக்கே எழுந்து போய்விட்டார்கள். கூட ஆண்களும் பிள்ளைகளும் போனார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், பத்து ரூபாய் மிச்சம் பிடித்து ஏதாவது வாங்கலாம் என்றுதான் பெண்கள் வருகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாத இடத்தில் எப்படி வாங்குவார்கள்?

பொருளியல் டீச்சர்

நான் சொன்ன அத்தனை ஆய்வையும் இந்த ஒரு பதிவுக்குக் கொடுத்துவிடலாம் அக்கா.

குளச்சல் அலை

தேதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. போன தடவை விழா ஜூன் மாதம், இல்லையா?

விசைப்படகுக்கு மீன்பிடித் தடை கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கணக்கு, குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கணக்கு. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் விசைப்படகு கரையில்தான். அந்த நேரத்தில் கடலோரத்துக்காரன் விழாவுக்கு வருவான், சும்மா இருக்கிறான் அல்லவா, ஆனால் கையில் காசு இருக்காது. கூட்டம் நிறைய, வியாபாரம் இல்லை என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிடும்.

குலசேகரம் அக்கா

மலையோரத்துக்கும் அதேதான். மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நிற்கும். வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறையும், அப்போதும் கை இறுக்கம்தான். அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். நல்ல மாசம் என்று பார்த்தால் ஜனவரிதான் எனக்குத் தெரிகிறது.

முனைக்காரன்

ஜனவரி பாதி வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாகக் கன்னியாகுமரி வருவார்கள். பெரும்பாலும் வழியில் தக்கலையைத் தாண்டித்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குருசாமி சொன்ன நேரத்துக்கு பஸ் கிளம்பும்.

தேரூர் வாசி

சினிமாப் பாட்டுக் கச்சேரி யோசனை என்னாச்சு?

வளையல்கடை

வேண்டாம். அதற்கு வருவது பையன்கள். நிற்பார்கள், ஆடுவார்கள், தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள். பெண்கள் கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டத்தின் அளவை வைத்து வியாபாரத்தை அளக்கக் கூடாது தம்பி. ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் என் தட்டைக் கவிழ்க்காமல் காப்பாற்றவே எனக்கு நேரம் சரியாக இருக்கும்.

தக்கலைக்காரன்

இன்னொரு கேள்வி டீச்சரிடம். பஞ்சாயத்திலும் வேறு சில இடங்களிலும் நிதி கேட்கப் போகிறோம். 'இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள், ஆளுக்கு இவ்வளவு செலவு, ஆக ஊருக்கு இத்தனை லட்சம் வருமானம்' என்று எழுதலாமா?

பொருளியல் டீச்சர்

எழுதலாம், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது ஏமாற்றுக் கணக்கு. தக்கலைக்காரர் பஸ் ஸ்டாண்ட் கடையில் குடித்திருக்க வேண்டிய டீயை உங்கள் மைதானத்தில் குடித்தால், தக்கலைக்குப் புதிதாக ஒரு பைசா வரவில்லை. அரண்மனை பார்க்க எப்படியும் வந்திருக்கக்கூடிய ஆள் போகிற போக்கில் உங்கள் விழாவையும் பார்த்தால், அவருடைய பெட்ரோல் செலவையும் மத்தியானச் சாப்பாட்டையும் உங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜான் கிராம்ப்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1995இலேயே இந்தத் தில்லுமுல்லுகளை வரிசையாக எடுத்து எழுதினார். அவர் பேசியது விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி, ஆனால் அப்படியே இங்கும் பொருந்தும். வந்த காசில் ஊரில் தங்குவது எவ்வளவு என்பது வேறு. டெல்லி அப்பளக்காரர் சம்பாதித்தது அவரோடு ரயிலேறிவிடும். முந்திரிக்கொத்துக் காசு குலசேகரத்தில் இருக்கும்.

கணக்கு எடுப்பதாக இருந்தால் என் மாணவிகளை அனுப்புகிறேன். போகிற வாசலில் நின்று கேட்க வேண்டும். மறுநாள் போன் செய்து கேட்டால் பாதி மறந்திருக்கும். 'எவ்வளவு செலவழித்தீர்கள்' என்று மட்டும் கேட்டால் ஒருவர் தன் செலவைச் சொல்வார், இன்னொருவர் குடும்பச் செலவைச் சொல்வார். 'எத்தனை பேர் வந்தீர்கள், எல்லாருக்குமாக எவ்வளவு ஆனது' என்று கேட்க வேண்டும். ஒன்றும் வாங்காதவரையும் எழுத வேண்டும், அவரை விட்டால் சராசரி தானாக ஏறிவிடும். ஆயிரம் ரூபாய்க்கு மண்பாண்டம் வாங்கிய ஒருவரும், டீ மட்டும் குடித்த தொண்ணூற்றொன்பது பேரும் சேர்ந்து தருகிற சராசரியை நம்பி அடுத்த வருட வாடகையை ஏற்றிவிடாதீர்கள்.

வில்லடிப் பேரன்

டிக்கெட் வைக்கலாமே? இருபது ரூபாய் போதும். கலைஞருக்கு நேரடியாகக் காசு. ஐஸ்க்ரீம் வண்டியிடம் கை நீட்ட வேண்டாம்.

குலசேகரம் அக்கா

ஐந்து பேர் வீட்டுக்கு நூறு ரூபாய் தம்பி. அந்த நூறை வாசலில் கொடுத்தால் எங்கள் கடையில் கொடுக்க மாட்டார்கள். வாசலிலேயே திரும்பிப் போகிறவர்களும் இருப்பார்கள்.

வில்லடிப் பேரன்

அப்படியென்றால் மேடைக்குப் பக்கத்தில் உண்டியலாவது வையுங்கள். கூத்து முடிந்ததும் புலவரே கையில் தட்டு எடுக்கட்டும். பிடித்தவர் போடுவார்.

பாறசாலைப் பக்கம்

நான் போடுவேன். பாவைக்கும் ஒரு விலை வைத்தால் இரண்டு வாங்குவேன்.

தக்கலைக்காரன்

ராத்திரி கமிட்டியில் இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். விழா ஜனவரி கடைசிக்கு மாறுகிறது. நேரம் ஐந்தரை முதல் ஒன்பது வரை, ஏழரைக்கு அரை மணி நேரம் மேடை ஓய்வு. ஐந்து மணிக்கே சிலம்பப் பிள்ளைகள் மைதானத்தில் பயிற்சி எடுப்பார்கள், அரண்மனையிலிருந்து வருகிறவர்கள் பார்க்கலாம். கழிவறைச் சாவி வாங்கிவிட்டோம், சுத்தம் செய்ய ஆள் பேசியாகிவிட்டது. பாவைக்கூத்துக்காரரிடம் சின்னப் பாவை கேட்டோம். தோலில் வெட்டிச் சாயம் போட நாள் ஆகும், இருபதுதான் முடியும் என்றார். கடைகள் எல்லாம் பின்வாசல் பாதைக்கு மாறுகின்றன.

சினிமாப் பாட்டுக்காரர் மட்டும் இன்னும் கோபத்தில் இருக்கிறார்.

வளையல்கடை

கொள்ளாம், நல்லது. பின்வாசல் பாதையில் வேப்பமரத்துப் பக்கம் முனைக்கடை எனக்கு எழுதுங்கள். தைத் திருவிழா நாளோடு மோதாமல் தேதி வையுங்கள், மோதினால் நான் மட்டுமில்லை, ஒரு கடைக்காரனும் வர மாட்டான். இரண்டு பல்பு வேண்டும், வெள்ளை. வாடகை பழைய ரேட்தானே?

தக்கலைக்காரன்

முனைக்கடைக்குக் கொஞ்சம் கூடும் அண்ணாச்சி.

வளையல்கடை

இவ்வளவு யோசனை சும்மாவா சொன்னேன்? போனில் பேசுவோம்.